போதகர், சபை, அன்றாட வாழ்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்கும் கேள்விகளே இங்கே உள்ளவற்றில் பெரும்பாலானவை. கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை மாற்றாமல் விட்டிருக்கிறேன். நான் போதகர் என்று எழுதும் இடங்களில் ஆயர், பாஸ்டர், குருவானவர், பங்குத்தந்தை என உங்கள் சபையில் வழங்கும் பெயரைப் பொருத்திக்கொள்ளலாம். வசனங்கள் இருக்கும் இடத்தைக் குறித்திருக்கிறேன். எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு என் பதிலை ஏற்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

1. போதகர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறார். மற்ற ஆறு நாட்களில் அவருக்கு என்னதான் வேலை?

பிரசங்கம் அவருடைய பணியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. பவுல் எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெற்றபோது தம் ஊழியத்தை நினைவுகூர்ந்தார் (அப்போஸ்தலர் 20:17-38). வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் போதித்தது, மூன்று வருடங்கள் இரவும் பகலும் கண்ணீரோடு ஒவ்வொருவருக்கும் புத்தி சொன்னது, தம் தேவைகளுக்குத் தம் கைகளாலேயே உழைத்தது ஆகியவற்றை அவர் எடுத்துச் சொன்னார். அதில் பொது மேடைக்குக் கிடைக்கும் இடம் சிறியது. நோயாளியைப் பார்க்கப் போவது, துக்க வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது, பிரியும் நிலையில் உள்ள தம்பதியரில் இருவரையும் தனித்தனியே கேட்பது, சபையாரைப் பெயர் சொல்லி ஜெபிப்பது, வேதத்தை வருந்திப் படிப்பது ஆகியவை எல்லாம் அந்த ஆறு நாட்களில்தான் நடக்கின்றன.

இந்தப் பணிக்கு ஒரு நோக்கம் உண்டு. பின்வரும் பல பதில்கள் அதையே சார்ந்திருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எபேசியர் 4:11-12இன்படி, மேய்ப்பரும் போதகரும் சபைக்குக் கொடுக்கப்பட்டது சபையாரைச் சீர்ப்படுத்தி, அவர்களை ஊழியத்துக்கு ஆயத்தமாக்குவதற்காக. சபையாருக்குப் பதிலாக விசுவாசிப்பதற்கோ அவர்களுக்குப் பதிலாகத் தீர்மானிப்பதற்கோ எவரும் போதகராக நியமிக்கப்படுவதில்லை. ஒரு போதகரின் பத்து வருட உழைப்புக்குப் பிறகும் சபையார் அவரைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்ய இயலாதவர்களாக இருந்தால், அவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் அந்த நோக்கம் நிறைவேறவில்லை.

2. நான் ஊழியக்காரன் அல்ல, சாதாரண வேலைக்குப் போகிறவன். வார நாட்களில் என் விசுவாசம் எதில் தெரிய வேண்டும்?

உங்கள் வேலையிலேயே தெரிய வேண்டும். யோவான் ஸ்நானகனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து "நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டபோது, வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாக வசூலிக்காதீர்கள் என்று ஆயக்காரருக்கும், ஒருவரையும் துன்புறுத்தாமல், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல், உங்கள் சம்பளமே போதும் என்று இருங்கள் என்று சேவகருக்கும் சொன்னார் (லூக்கா 3:12-14). அந்தந்தத் தொழிலில் வழக்கமாக நடக்கும் அநியாயம் எதுவோ, அதையே அவர் தொட்டார் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் தவறாகவே தோன்றாத காரியம் எது என்று யோசித்தால், உங்களுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரிந்துவிடும்.

அலுவலக மேசையில் வசன அட்டை வைப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் அட்டை இருக்கும் மேசையிலிருந்து பொய்க் கணக்கு போனால், அட்டையே இல்லாதிருந்தது நலமாக இருந்திருக்கும்.

3. தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்கிறார்கள். என்னால் முடியவில்லை. நான் பின்மாற்றக்காரனா?

இல்லை, நீங்கள் விசுவாசத்திலிருந்து பின்வாங்கியவர் அல்ல. ஒரு மணி நேரம் என்ற அளவை வேதம் கட்டளையாக விதிக்கவில்லை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார் (தானியேல் 6:10). நெகேமியாவோ, ராஜா கேள்வி கேட்டதற்கும் தாம் பதில் சொன்னதற்கும் இடைப்பட்ட அந்த ஒரு கணத்தில் ஜெபித்தார் (நெகேமியா 2:4). அதே நெகேமியா அதற்கு முன் நாட்கணக்கில் உபவாசித்து ஜெபித்தவர் என்பதும் உண்மை. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அவசர வேளையிலும் அவர் மனம் அங்கே திரும்பியது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்ற எண்ணத்தை அவரே கண்டித்தும் இருக்கிறார் (மத்தேயு 6:7).

கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், இரண்டு வேலை பார்ப்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் ஒரே அளவைச் சொல்லும் போதகர் தம் சபையாரை அறியவில்லை என்றே சொல்வேன்.

4. வேதத்தை வீட்டிலேயே வாசிக்கிறேன். நல்ல பிரசங்கங்கள் செல்பேசியிலேயே கிடைக்கின்றன. பிறகு எனக்கென்று ஒரு போதகரும் சபையும் எதற்கு?

வாசிப்பது நல்லது, தொடருங்கள். ஆனால் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று பிலிப்புவைத் தம் இரதத்தில் ஏற்றிக்கொண்டார் (அப்போஸ்தலர் 8:30-31). வேதாகமங்களில் வல்லவராக இருந்த அப்பொல்லோவையும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கிக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 18:24-26). படித்தவருக்கும் திருத்துகிறவர் வேண்டியிருக்கிறார். அந்த இருவரும் கூடாரத் தொழிலாளர்கள் என்பதால், திருத்துகிறவர் எப்போதும் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

செல்பேசியில் பேசுகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் மூன்று வாரம் வரவில்லை என்பதோ, உங்கள் கோபம் வீட்டாரை என்ன பாடுபடுத்துகிறது என்பதோ அவருக்குத் தெரிய வழியில்லை. தம் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறவராகவே யோவான் 10ஆம் அதிகாரம் மேய்ப்பனைக் காட்டுகிறது.

5. "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று வேதம் சொல்கிறதே. அப்படியானால் போதகர் சொல்லும் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிய வேண்டுமா?

எபிரெயர் 13:17ஐ முழுவதும் வாசிக்க வேண்டும். கீழ்ப்படியச் சொல்லும் அதே வசனம், நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணுகிறவர்கள், அதாவது கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்கிறது. அதே அதிகாரத்தின் 7ஆம் வசனம் அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்திக்கச் சொல்கிறது. கணக்குக் கொடுக்க மனமில்லாதவரும், தம் நடக்கையை எவரும் ஆராயக்கூடாது என்பவரும் அந்த வசனத்தின் முதற்பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது.

வேதத்தின் தெளிவான போதனையைப் போதகர் எடுத்துச் சொல்லும்போது, உதாரணமாக ஒருவரை மன்னிக்கும்படியோ களவை நிறுத்தும்படியோ சொல்லும்போது, அதற்குக் கீழ்ப்படிவது வேதத்துக்கே கீழ்ப்படிவது. அவர் தம் அனுபவத்திலிருந்து ஆலோசனை சொல்லும்போது, மரியாதையோடு கேட்டு எடைபோட வேண்டும். ஏற்காமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. பவுலே இந்த வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டியவர்: ஒரு காரியத்தைக் குறித்துக் கர்த்தரிடமிருந்து தமக்குக் கட்டளை இல்லை என்றும், தம் அபிப்பிராயத்தையே சொல்வதாகவும் எழுதினார் (1 கொரிந்தியர் 7:25). இன்னொரு நிருபத்தில் "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்" என்றார் (2 கொரிந்தியர் 1:24). அப்போஸ்தலர் ஒருவரே ஏறாத படியில் இன்றைய போதகர் ஏறி நிற்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. வேதத்துக்கோ மனச்சாட்சிக்கோ முரணானதைச் செய்யச் சொன்னால் மறுக்க வேண்டும். பவுல் பிரசங்கித்ததையே காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தார் அதற்காகப் பாராட்டப்பட்டார்கள் (அப்போஸ்தலர் 17:11). அவர்களைக் கலகக்காரர் என்று எவரும் சொல்லவில்லை.

6. "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், இந்த வரனைத்தான் நீ மணக்க வேண்டும்" என்கிறார் எங்கள் போதகர். மறுத்தால் கர்த்தரை மறுத்ததாகுமா?

ஆகாது. முந்தைய பதிலில் சொன்ன இரண்டாம் வகையில்தான், அதாவது எடைபோட வேண்டிய ஆலோசனை என்ற வகையில்தான் இது சேரும். வெளிப்பாடு என்று பெயர் வைப்பதால் அது முதல் வகைக்கு மாறிவிடாது. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம் என்று சொன்ன உடனே, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறது வேதம் (1 தெசலோனிக்கேயர் 5:20-21).

1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு வருகிற எல்லாருக்கும் வாசிக்கக் கொடுக்கிறேன். யூதாவிலிருந்து வந்த தேவமனுஷன் ஒருவனுக்கு பெத்தேலில் அப்பம் புசிக்காதே என்ற கட்டளை நேரடியாகவே கிடைத்திருந்தது. ஆனால் கிழவனான ஒரு தீர்க்கதரிசி, ஒரு தூதன் தன்னிடம் பேசினான் என்று பொய் சொல்லி அவனைத் திருப்பி அழைத்துச் சென்று புசிக்க வைத்தான். வயதையும் பட்டத்தையும் நம்பிய தேவமனுஷன் வழியில் சிங்கத்தால் மாண்டான். மூத்த ஊழியர் ஒருவர் தூதனின் பெயரையே சொன்னாலும் சோதித்தறியும் பொறுப்பு கேட்பவரை விட்டு நீங்குவதில்லை என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் பகுதியை நான் அறியேன்.

திருமணத்தில் வாழப்போகிறவர் நீங்கள். உங்கள் முழுச் சம்மதம் இல்லாமல் எந்த வெளிப்பாட்டின் பேரிலும் அது நடக்கக்கூடாது.

7. எங்கள் சபையில் நாற்காலி வாடகையிலிருந்து எல்லாவற்றையும் போதகரே முடிவு செய்கிறார். இது சரியா?

அவருக்கும் சபைக்கும் நல்லதல்ல. காலை முதல் மாலை வரை ஜனங்களின் வழக்குகளைத் தனியே தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, அவருடைய மாமனாராகிய எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று காரணமும் சொன்னார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கென்று அதிபதிகள் ஏற்பட்டது அதன் பிறகே (யாத்திராகமம் 18:13-26). எருசலேமில் விதவைகளுக்கு அன்றாடம் உதவி பகிர்ந்து கொடுப்பதில் குறை ஏற்பட்டபோது, அப்போஸ்தலர்கள் அதையும் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளாமல், ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே சொன்னார்கள் (அப்போஸ்தலர் 6:1-6).

சபைகளின் ஆளுகை முறைகள் பலவிதம். பேராயரின் கீழ் இயங்குபவை, மூப்பர் மன்றத்தால் நடப்பவை, சபையார் கூடித் தீர்மானிப்பவை எனப் பிரிவுகள் உண்டு. எந்த முறையானாலும், போதகர் "இல்லை" என்ற பதிலைக் கேட்கக்கூடிய ஓர் இடம் அதற்குள் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

8. காணிக்கைக்குக் கணக்குக் கேட்டேன். "விசுவாசம் இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்டது தவறா?

தவறு அல்ல. பாபிலோனிலிருந்து ஜனங்களை எருசலேமுக்கு அழைத்துச் சென்ற எஸ்றாவைவிட விசுவாசம் உள்ளவர் என்று சொல்லிக்கொள்ள எவரும் துணியமாட்டார்கள். தேவனுடைய கரம் தங்கள்மேல் இருக்கிறது என்று சொல்லியிருந்ததால், வழித்துணைக்கு ராஜாவிடம் படைவீரரைக் கேட்கவே வெட்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவர், எருசலேமுக்குக் கொண்டுபோக வேண்டிய 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் மற்றப் பொருட்களையும் ஆசாரியரின் தலைவரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து அவர்களிடம் நிறுத்துக் கொடுத்தார். போய்ச் சேர்ந்ததும் எல்லாம் மறுபடி நிறுக்கப்பட்டு, அந்த நிறை எழுதிவைக்கப்பட்டது (எஸ்றா 8:22-34). கள்வரிடமிருந்து காக்கத் தேவனை நம்பியவருக்கும், ஆசாரியரிடம் கொடுத்ததைத் தராசில் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பவுலும் யூதேயாவின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகத் தீத்துவோடு சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒருவரையும் வேறொரு சகோதரரையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று காரணம் எழுதினார் (2 கொரிந்தியர் 8:16-22). கணக்கு வேண்டாம் என்பவர்கள் 2 இராஜாக்கள் 12:15ஐக் காட்டுவதுண்டு: ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே இருக்கிறது. ஐந்து வசனங்கள் முன்னால் போனால், மூடியில் துளையிட்ட பெட்டியில் சேர்ந்த பணத்தை ராஜாவின் எழுத்தராகிய சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள் என்பதையும் காணலாம். அதற்கும் முன்னால் போனால், பணத்தை வாங்கிக்கொண்டு வருடக்கணக்காக ஆசாரியர் பழுதுபார்க்காமல் விட்டதால்தான் அந்தப் பெட்டியே வந்தது என்பது தெரியும்.

9. போதகர் சம்பளம் வாங்கலாமா, அல்லது பவுலைப் போல உழைத்துச் சாப்பிட வேண்டுமா?

இரண்டுக்கும் இடம் உண்டு. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று எழுதியவரும் (1 கொரிந்தியர் 9:14), அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தாமல் கூடாரம் செய்து உழைத்தவரும் ஒரே பவுல்தான். உரிமையை விட்டுக்கொடுப்பது ஊழியரின் விருப்பம். "விட்டுக்கொடுங்கள்" என்று சபையார் கேட்பது கஞ்சத்தனம். போதகரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாத நிலையில் வைத்துவிட்டு, அவருடைய எளிமையைப் புகழ்வதில் பக்தி எதுவும் இல்லை.

10. அந்தரங்கமாகச் சொன்னதைப் பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் உதாரணமாக்கிவிட்டார். எல்லாருக்கும் அது நான்தான் என்று தெரிந்துவிட்டது. இதைக் கேட்கலாமா?

கேட்க வேண்டும், முதலில் அவரிடமே தனியாக. பெயரை நீக்கினால் போதும் என்று சில போதகர்கள் உண்மையாகவே நினைக்கிறார்கள். சிறிய சபையில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இரகசியத்தைக் காப்பது ஊழியத்தின் மிகப் பழைய கடமைகளில் ஒன்று. பாவங்களைக் குருவானவரிடம் தனியே அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளிப்படுத்தும் குருவானவரைப் பதவி நீக்கி, ஆயுள் முழுவதும் தவம் செய்ய மடத்தில் அடைக்க வேண்டும் என்று 1215ஆம் ஆண்டில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. மற்றச் சபைகளில் அவ்வளவு கடுமையான சட்டம் இல்லாவிட்டாலும் எதிர்பார்ப்பு அதுவே.

ஆலோசனை கேட்கப் போகும்போது, இந்தப் பேச்சுக்கு எதுவரை இரகசியம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவதாகவோ ஒருவர் உயிருக்கு ஆபத்து இருப்பதாகவோ தெரியவந்தால், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வேன் என்று பொறுப்பான போதகர் முன்னதாகவே தெரிவித்துவிடுவார். இப்படி முன்கூட்டி எல்லையைச் சொல்கிறவரை நம்பி நீங்கள் இன்னும் தைரியமாகப் பேசலாம்.

11. எனக்குத் தூக்கமே இல்லை, சாக வேண்டும் போல இருக்கிறது. மருத்துவரிடம் போனால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். என்ன செய்வது?

மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே. சாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காமல் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் எந்தப் போதகர் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக்கூடாது.

"போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியாவைத் தேவன் விசுவாசக் குறைவுள்ளவன் என்று கடிந்துகொள்ளவில்லை. தூதன் அவரைத் தட்டி எழுப்பி உணவும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19:4-8). ஓரேபில் தேவன் அவரோடு பேசியதும், அடுத்த பணியைக் கொடுத்ததும் அதற்குப் பிறகே. பவுலின் உடன் ஊழியரான லூக்கா வைத்தியர் (கொலோசெயர் 4:14). மருத்துவமும் ஜெபமும் போட்டியிடுவதாக இந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. போதகர் உங்களோடு ஜெபிக்கட்டும், மருத்துவமனைக்கு உங்களோடு வரட்டும். நோயைக் கண்டறியும் வேலையை மட்டும் அதற்குப் பயின்றவரிடம் விட்டுவிடட்டும்.

12. கணவர் என்னை அடிக்கிறார். "பொறுத்துக்கொள், ஜெபி, மாறுவார்" என்கிறார் போதகர். நான் வீட்டை விட்டு வெளியேறினால் பாவமா?

பாவம் அல்ல. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளையும் அங்கிருந்து யோசிக்கலாம். தாவீது தன்மேல் ஈட்டியை எறிந்த சவுலைவிட்டுத் தப்பி ஓடினார் (1 சாமுவேல் 19:10). பவுல் தமஸ்குவின் மதில் வழியாகக் கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார், வேறொரு முறை வாரினால் அடிக்கக் கட்டப்பட்டபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டார் (அப்போஸ்தலர் 9:25, 22:25). தப்புவதும் சட்டத்தை நாடுவதும் விசுவாசத்துக்கு விரோதமானவை அல்ல.

மனைவிகளுக்கான வசனத்தை வாசிக்கும் போதகர் அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும்: "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்" (கொலோசெயர் 3:19). கசந்துகொள்வதையே விலக்கிய வேதத்தில் அடிப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? கணவர் மனந்திரும்பியதாகச் சொன்னால், அதை நீண்ட காலம் அவர் நடந்து காட்ட வேண்டும். ஒருமுறை அழுததைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு உங்களைத் திருப்பி அனுப்பும் அவசரம் போதகருக்கு இருக்கக்கூடாது. உங்கள் போதகர் இதைக் கேட்க மறுத்தால், சபையில் உள்ள வேறொரு மூத்த பெண்ணிடமோ காவல்துறையிடமோ நேரடியாகச் செல்லுங்கள்.

13. "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று எச்சரிக்கிறார்கள். போதகரின் தவறைக் கேட்டால் சாபம் வருமா?

அந்த வசனம் சங்கீதம் 105:15இல் இருக்கிறது. 12ஆம் வசனத்திலிருந்து வாசித்தால், கொஞ்சத் தொகையினராகவும் பரதேசிகளாகவும் ஜாதிகளிடையே அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி தேவன் தடுத்ததைப் பாடும் பகுதி அது என்பது விளங்கும். வலியவர்களிடமிருந்து எளியவர்களைக் காத்த வசனத்தை, எளியவர்களின் வாயை அடைக்க வலியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சவுல்மேல் கைபோட மறுத்த தாவீதும், குகையிலிருந்து வெளியே வந்து, இரு தரப்புச் சேவகரும் கேட்கும்படி "நீர் என் பிராணனை வாங்க அதை வேட்டையாடுகிறீர்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார் (1 சாமுவேல் 24:8-15). அதே தாவீது அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்தபோது நாத்தான் அவரிடம் "நீயே அந்த மனுஷன்" என்றார் (2 சாமுவேல் 12:7). நாத்தானுக்குச் சாபம் வந்ததாக எழுதப்படவில்லை.

முறை என்று ஒன்று உண்டு. தனிப்பட்ட மனத்தாங்கலானால் மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசையில் தனியாகவும், பிறகு ஓரிருவரோடும், கடைசியில் சபையிலும் கொண்டுவர வேண்டும். மூப்பர்மேல் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. வதந்தியிலிருந்து போதகரைக் காக்கும் ஏற்பாடு அது. அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. பாலியல் வன்முறை, பணக் கையாடல் போன்றவை குற்றங்கள். அவற்றைச் சபைக்குள்ளே பேசித் தீர்க்க முயல்வதே தவறு. பாதிக்கப்பட்டவர் தம்மைத் துன்புறுத்தியவரைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும் என்று மத்தேயு 18ஐக் காட்டி எவரும் வற்புறுத்தக்கூடாது. நேராகச் சட்டத்திடம் செல்ல வேண்டும்.

14. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பெரிய பாவத்தில் விழுந்துவிட்டார். என் ஞானஸ்நானம் செல்லுமா? அவர் மனந்திரும்பினால் மறுபடியும் ஊழியம் செய்யலாமா?

முதல் கேள்விக்குத் திருச்சபை நெடுங்காலத்துக்கு முன்பே பதில் கண்டுவிட்டது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துன்புறுத்தலின்போது வேதப் பிரதிகளை ஒப்படைத்துவிட்ட ஆயர்களின் பணி செல்லுமா என்ற சர்ச்சையில் வட ஆப்பிரிக்கச் சபை இரண்டாகப் பிளந்தது. செல்லாது என்றவர்கள் தொனாத்தியர் எனப்பட்டார்கள். 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னாளில் வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன், ஞானஸ்நானம் கொடுப்பவருடையது அல்ல, கிறிஸ்துவினுடையது என்று விரிவாக வாதிட்டார். ஆகவே உங்கள் ஞானஸ்நானமும் திருமணமும் அவருடைய வீழ்ச்சியால் கெட்டுப்போகவில்லை.

இரண்டாவது கேள்வியில் மன்னிப்பையும் தகுதியையும் குழப்பிக்கொள்கிறார்கள். மன்னிப்பு மனந்திரும்பும் எவருக்கும் உண்டு. கண்காணியின், அதாவது சபையை மேற்பார்க்கிறவரின், பொறுப்புக்கோ குற்றஞ்சாட்டப்படாதவனாயும், புறம்பானவர்களிடத்திலும் நற்சாட்சி பெற்றவனாயும் இருக்க வேண்டும் என்ற அளவுகோல்கள் தனியே உள்ளன (1 தீமோத்தேயு 3:2-7). பேதுரு மறுதலித்த பிறகும் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்ற கட்டளையைப் பெற்றார் என்பது உண்மைதான்; அவர் மறுதலித்தது தம் உயிருக்குப் பயந்து. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களையே இரையாக்கிய ஒருவருக்கு அந்த உதாரணம் பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து. அவர் மன்னிக்கப்பட்ட விசுவாசியாகக் கடைசி வரிசையில் உட்காரலாம். மேடை அவருடைய உரிமை அல்ல.

15. சபையை விட்டு வேறு சபைக்குப் போவது துரோகமா?

வேலை மாற்றம், தூரம், பிள்ளைகளின் தேவை, போதனையில் தெளிவான வேறுபாடு ஆகியவை நேர்மையான காரணங்கள். போதகரிடம் சொல்லி விடைபெற்றுப் போங்கள். 13ஆம் பதிலில் சொன்ன வகைத் தவறுகளுக்கு வழி பிறக்காவிட்டால், விடைபெறக்கூட வேண்டியதில்லை. பாட்டு பிடிக்கவில்லை என்று ஆண்டுக்கொரு சபை மாறுகிறவருக்கு மட்டும், போகும் இடத்திலும் பாட்டு பாடுவார்கள் என்று நினைவூட்டுகிறேன்.

16. ஒரு சிறு குழுவை நடத்தச் சொல்கிறார்கள். எனக்கு மேடையில் பேசவே வராது. நான் எப்படித் தலைவனாக முடியும்?

1 தீமோத்தேயு 3:1-7ஐ எடுத்து எண்ணிப் பாருங்கள். போதிக்கும் திறமை அதில் ஒன்று. மற்றவை பெரும்பாலும் தெளிந்த புத்தி, உபசரிப்பு, பொறுமை, பண ஆசையின்மை, வீட்டை நடத்தும் விதம் போன்ற குணங்கள். புதிய விசுவாசியாக இருக்கக்கூடாது என்பதும் உண்டு. ஆகவே பேச்சு வருமா என்று கேட்பதற்கு முன், உங்கள் வீட்டார் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். உண்மையாகவே கேளுங்கள், மனைவியிடமும் பிள்ளைகளிடமும், பதில் சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளாமல்.

ஒப்புக்கொண்டால் சிறிதாகத் தொடங்குங்கள். குழுவில் இருப்பவர்களின் பெயர்களை வைத்து ஜெபியுங்கள்; வராதவரை விசாரியுங்கள்; பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்களே பேசி முடிக்கும் கூட்டங்களைவிட மற்றவர்கள் பேசும் கூட்டங்கள் அதிகமாக இருக்கட்டும். ஓர் ஆண்டுக்குள், உங்களுக்குப் பதிலாக நடத்தக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கத் தொடங்குங்கள்.

17. எங்கள் போதகர் களைத்துப்போய்விட்டார். ஓய்வெடுங்கள் என்றால் "ஊழியத்துக்கு விடுமுறை ஏது" என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

ஊழியத்துக்கு விடுமுறை உண்டு. சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது, தனியான ஓரிடத்தில் சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் இயேசுவே (மாற்கு 6:31). எல்லாரும் தம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்லப்பட்ட காலையிலும் அவர் அவர்களிடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார் (மாற்கு 1:35-38). இந்த ஜனங்களையெல்லாம் தனியே தாங்க என்னால் கூடாது, என்னைக் கொன்றுபோடும் என்று மோசே முறையிட்டபோது, தேவன் பாரத்தைச் சுமக்க எழுபது மூப்பரைக் கொடுத்தார் (எண்ணாகமம் 11:14-17).

அவரிடம் ஓய்வெடுக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஓய்வெடுக்க முடியும்படி ஏற்பாடு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு அழைப்பு போகாமல், அன்றைய அவசரங்களை ஏற்கும் மூப்பரின் எண்ணைச் சபையாருக்குக் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வேறொருவர் பிரசங்கிக்கட்டும், அது சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மனைவி ஊதியமில்லாத இரண்டாவது போதகர் அல்ல என்பதைச் சபைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் தம் மனதைத் திறந்து பேச, சபைக்கு வெளியே மூத்த ஊழியர் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் ஒருவரைத் தேடிக்கொடுங்கள், அவரைப் பார்த்து வர ஆகும் பயணச் செலவைச் சபை ஏற்கட்டும்.